வடகடல் தண்ணீரும் கொடைக்கானல் குளிரும்: ஒரு கிளீனர் இறால் செத்த விவரம்

டிசம்பர் 26 காலையில் என் உப்புநீர் மீன்தொட்டியின் பின்பக்கப் பாறை இடுக்கில் கிளீனர் இறால் ஒன்று செத்துக் கிடந்தது, ஓடு பாதி கழன்றபடி. தலைப்பக்கம் வெளியே வந்துவிட்டது, வால் பழைய ஓட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. ஒன்றரை வருடமாக, தொட்டிக்குள் கையை விட்டால் ஓடி வந்து நகத்து ஓரத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போகும் உயிர் அது. அன்றைக்கே நத்தைகள் மூன்றும் மூடியைச் சாத்திக்கொண்டு மணலில் கவிழ்ந்து கிடந்தன, பிரிட்டில் ஸ்டார் என்ற நட்சத்திர மீன் வகையின் ஒரு கை ஒடிந்து தனியாக நெளிந்துகொண்டிருந்தது. கோமாளி மீன் ஜோடி மட்டும் எப்போதும் போலத் தீனி கேட்டு மேலே வந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு நாள் ஆனது. மலையில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களும் வைக்க ஆசைப்படுபவர்களும் இதே பள்ளத்தில் விழக்கூடாது, அதனால் எண்களோடு முழுசாக எழுதிவிடுகிறேன்.

வீடு கொடைக்கானலில் நாயுடுபுரம் பக்கம், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கீழே பம்ப்பும் ஸ்கிம்மரும் இருக்கும் துணைத் தொட்டியான சம்ப்பையும் சேர்த்து, பாறையும் மணலும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் 240 லிட்டர் தண்ணீர் நிற்கும். 200 வாட் ஹீட்டர் இரண்டு, வெப்பநிலை 26 டிகிரி, கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் ஒன்று. மேலே மூடி கிடையாது, ஏனென்றால் இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைந்துவிடும். 26 டிகிரி கடல்நீர் கீழே லிட்டருக்கு ஆறரை மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் பிடிக்கும் என்றால் இங்கே ஐந்தைத் தாண்டிக் கொஞ்சம்தான் பிடிக்கும். அதனால் மேற்பரப்பு நன்றாகக் கலங்க வேண்டும் என்று திறந்தே வைத்திருந்தேன். அந்த முடிவு தப்பில்லை, ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது, பின்னால் சொல்கிறேன்.

தண்ணீர் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் என்ற ஊரிலிருந்து வருகிறது. என் மாமா அங்கே போட் இன்ஜின் மெக்கானிக். மதுரை வழியாக ஒரு பகல் முழுக்க ஆகிற பயணம், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் இருபது லிட்டர் கேன்களில் பிடித்து வருவேன். உணவுப் பொருள் வைக்கும் தரத்தில் உள்ள கேன்தான், பெயின்டோ மருந்தோ வைத்திருந்த கேனைத் தொடவே மாட்டேன். கடல் ஏற்றம் வரும் நேரத்தில், கழிவு வாய்க்காலும் படகுத்துறையும் இல்லாத இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்று மேற்பரப்புக்கு ஓரடி கீழே கேனை அமிழ்த்திப் பிடிப்போம். வீட்டுக்கு வந்ததும் காடாத் துணியில் வடிகட்டி, கறுப்பு டிரம்மில் மூடி, காற்று விட்டுக்கொண்டே இரண்டு வாரம் இருட்டில் வைப்பேன். கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர் நிறைய இருக்கிறது, மூடிய கேனில் அது செத்து அழுகினால் கெட்ட முட்டை வாசம் வரும். ஒருமுறை ஐந்து நாள் கேனைத் திறக்காமல் விட்டு அந்த வாசத்தைப் பார்த்திருக்கிறேன், அந்தத் தண்ணீர் முழுவதும் வீண்.

தண்ணீரைத் தவிர வேறெதையும் அங்கிருந்து எடுப்பதில்லை. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் சேர்த்து 1986இல் கடல் தேசியப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள், பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. கரையில் ஒதுங்கிய பவளத் துண்டு அழகாக இருக்கிறதே என்று பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அது அங்கேயே கிடக்கட்டும்.

சரி, என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

மே மாதம் முதல்முறை தொட்டியை முழுசாகக் கடல்நீரில் நிரப்பியபோது, மாமா தென்கடல் பக்கம் கூட்டிப் போனார். மண்டபம் ஒரு மெல்லிய நிலத்துண்டு. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா, அங்கே தென்கடல், வடகடல் என்றுதான் சொல்வார்கள். தென்கடல் தண்ணீரை வீட்டில் ரிஃப்ராக்டோமீட்டரில் (தண்ணீர் ஒளியை வளைக்கும் அளவை வைத்து உப்பைக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தேன், 36.5 பிபிடி காட்டியது, அதாவது ஒரு கிலோ தண்ணீரில் 36.5 கிராம் உப்பு. உலகக் கடல்களின் சராசரி 35 என்பதால், வெயில் காலம், கடல் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது என்று நானே முடிவு செய்து பத்து லிட்டர் நல்ல தண்ணீர் கலந்து 35க்குக் கொண்டுவந்தேன். முதல் தப்பு அது. கடலின் உப்பு சரியாக 35தான் இருந்தது, கருவிதான் கூடுதலாகக் காட்டியது.

டிசம்பர் முதல் வாரம் மறுபடி போனேன். மழை விட்டபாடில்லை, தென்கடலில் அலை ஏறிக் கிடந்தது. வடகடல் குளம் மாதிரி அமைதியாக இருந்ததால் அங்கேயே எட்டு கேன், 160 லிட்டர் பிடித்துக்கொண்டு திரும்பினேன். கூட வர முடியாத மாமா போனில் "மழைத்தண்ணியா இருக்கும் மாப்ள, பாத்துக்க" என்றார். கலங்கலைச் சொல்கிறார் என்று நினைத்தேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. டிரம்மில் இருட்டில் வைத்தவரை சரி, ஆனால் தண்ணீர் மாற்ற வேண்டிய நாள் நெருங்கியதால் இரண்டு வாரம் பொறுக்காமல் ஒரு வாரத்திலேயே எடுத்துவிட்டேன். உப்பை அளக்கவே இல்லை. கடல் தண்ணீர்தானே, அதில் அளக்க என்ன இருக்கிறது என்ற எண்ணம் எனக்குள் அவ்வளவு ஆழமாக இருந்திருக்கிறது.

டிசம்பர் 10ஆம் தேதி 60 லிட்டர் மாற்றினேன். மறுநாள் காலை அளவு 34.5. பரவாயில்லை என்று விட்டேன். 17ஆம் தேதி இன்னொரு 60 லிட்டர் மாற்றினேன். 19ஆம் தேதி குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பிவிட்டோம், ஐந்து நாள். ஆவியாகிற தண்ணீரை ஈடுகட்ட மிதவை வால்வோடு ஐந்து லிட்டர் வாளி ஒன்று வைத்திருந்தேன், ஒன்றரை நாளில் அது காலி. 24ஆம் தேதி காலை வந்து பார்த்தால் சம்ப்பில் பம்ப் இருக்கும் அறையில் தண்ணீர் வழக்கமான மட்டத்தைக் காட்டும் கோட்டுக்குக் கீழே பத்து சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. உப்பை அளந்தேன், 35. அப்பாடா என்று இருந்தது. பன்னிரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக நல்ல தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றிக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன். 26ஆம் தேதி இறால் செத்தது.

இதைப் படிக்கும்போதே சிலருக்கு ஓட்டை தெரிந்திருக்கும். பன்னிரண்டு லிட்டர் குறைவாக இருக்கும்போது 35 காட்டினால், நிரப்பிய பிறகு அது 35 ஆக இருக்க முடியாது. நீர் போகும், உப்பு தங்கும், அதனால் கோட்டுக்குக் கீழே தண்ணீர் நிற்கும்போது எடுக்கிற அளவு தொட்டியின் அளவே இல்லை. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, ஆனால் அந்தக் காலையில் எண் என்ன சொன்னதோ அதை மட்டும் பார்த்தேன்.

முதலில் நான் சந்தேகப்பட்டது கடலை. ஏதோ எண்ணெய், ஏதோ கழிவு கலந்துவிட்டது என்று நினைத்தேன். கழிவு சேர்ந்தால் ஏறும் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் பத்துக்குள். அடுத்து வீட்டுத் தண்ணீர். இங்கே வரும் ஊற்றுத் தண்ணீரில் உப்பு ரொம்பக் குறைவு, கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் 40 காட்டும், ஊற்ற ரொம்ப நல்லது. ஆனால் குளிர்காலத்தில் கை வலிக்கும் என்று கெய்சர் குழாயில் பிடித்துவிட்டேனோ, தாமிரம் இறங்கியிருக்குமோ என்ற பயம். ஓடு உள்ள உயிர்களுக்குத் தாமிரம் விஷம், மீன் தாங்கும் அளவையே இறால் தாங்காது, அறிகுறியும் அப்படியே பொருந்தியது. டெஸ்ட் கிட்டில் தாமிரம் வரவில்லை.

பிறகு கால்சியம் பார்த்தேன், லிட்டருக்கு 365 மில்லிகிராம். இயற்கைக் கடல்நீரில் 410 அளவில் இருக்கும். ஓடு கழற்ற முடியாமல் செத்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று கால்சியம் குளோரைடு பொட்டலத்தையே பிரித்துவிட்டேன். என் மனைவி பள்ளியில் வேதியியல் எடுப்பவர், மெக்னீசியமும் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்றார். அது 1,150, இருக்க வேண்டியது 1,290 பக்கம். இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிவிட்டு, "ரெண்டும் ஒரே அளவுல பதினோரு சதம் குறையுதுங்க, கால்சியம் மட்டும் செலவாகியிருந்தா இப்படி வராதே, தண்ணிதான் நீர்த்திருக்கு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 35இல் பதினோரு சதம் போனால் 31. கருவி 33க்கு மேல் காட்டிக்கொண்டிருந்தது.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் யாராவது எடுத்துக்கொண்டாலும் போதும் என்று நினைக்கிறேன். கடல்நீரில் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் எந்தக் கடலாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் இருக்கும். ஒன்று மட்டும் குறைந்தால் உயிர்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஒரே சதவீதத்தில் குறைந்தால் உப்பைத்தான் பார்க்க வேண்டும், உங்கள் கருவி என்ன சொன்னாலும் சரி.

கருவியின் கதை இரண்டு பகுதி. நான் தினமும் அளந்தது காலை ஆறரை மணிக்கு, வெளிச்சம் வேண்டும் என்று பின் வராந்தாவில் நின்று. டிசம்பரில் அங்கே எட்டு டிகிரி. ரிஃப்ராக்டோமீட்டரில் வெப்பநிலையைத் தானாகச் சரிக்கட்டும் ஏற்பாடு இருக்கிறது, ஆனால் பெரும்பாலான கருவிகளில் அது 10 முதல் 30 டிகிரி வரைதான் வேலை செய்யும். குளிரில் தண்ணீர் ஒளியை அதிகமாக வளைக்கும், கருவி அதை உப்பு என்று படிக்கும். அதே தொட்டித் தண்ணீரை மதியம் வெதுவெதுப்பான சமையலறையில் வைத்துப் பார்த்தபோது ஒரு பிபிடி குறைவாகக் காட்டியது.

இரண்டாவது, இது இன்னும் முக்கியம். ஆன்லைனில் கடல்நீருக்கு என்று விற்கும் விலை குறைந்த ரிஃப்ராக்டோமீட்டர்கள் பலவற்றின் அளவுகோல் உண்மையில் வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்குப் போட்டது. நல்ல தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் பூஜ்யத்தில் சரியாக நிற்கும், 35க்குப் பக்கத்தில் வரும்போது ஒன்றரை பிபிடி கூட்டிச் சொல்லும். இதைச் சோதிக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. நன்கு உலர்ந்த தூள் உப்பு 36.5 கிராம், ஆர்.ஓ. தண்ணீர் 963.5 கிராம், இரண்டையும் டிஜிட்டல் தராசில் எடை போட்டுக் கரைக்க வேண்டும், லிட்டர் குவளையில் அளக்கக்கூடாது. இந்தக் கரைசல் ஒளியை வளைக்கும் அளவும் 35 பிபிடி கடல்நீர் வளைக்கும் அளவும் ஒன்று. ஆக, சரியான கருவி இதில் 35 காட்ட வேண்டும். என்னுடையது 36.5 காட்டியது. மே மாதம் தென்கடல் தண்ணீர் காட்டிய அதே 36.5. திருகைத் திருப்பி 35இல் நிறுத்தினேன், பிறகு தொட்டித் தண்ணீரை வைத்தேன், 31.1. மிச்சம் இருந்த இரண்டு கேன் வடகடல் தண்ணீரை வைத்தேன், 28.

அன்று இரவே மாமாவுக்குப் போன் போட்டேன். "அதான் மாப்ள சொன்னேன், கார்த்திகை மழைக்கு அப்புறம் வடகடல்ல உப்பு இறங்கிரும், வாயில வச்சாலே தெரியும், தை மாசி போனாத்தான் ஏறும்" என்றார், ரொம்ப சாதாரணமாக. இதன் பின்னால் இருப்பது பெரிய விஷயம். கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் மழைக்காலத்தில் கொட்டிய நன்னீர் வங்காள விரிகுடாவின் மேலடுக்கில் கலந்து நிற்கும், ஐப்பசி முதல் மார்கழி வரை கரையை ஒட்டிய நீரோட்டம் அதைத் தெற்கே இழுத்து வரும். அதோடு நம் பக்கத்து வடகிழக்குப் பருவமழை, காவிரி டெல்டாவின் வடிகால்கள் எல்லாம் சேரும். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, அதனால் கலப்பு நன்றாகத் தெரிகிறது. நீலகிரியிலிருந்து கூடலூர் வழியாகக் கோழிக்கோடு பக்கம் போய் எடுப்பவர்களுக்கு இதே விஷயம் ஆனி, ஆடியில் வரும், அப்போது மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து மேற்கே பாயும் ஆறுகள் எல்லாம் அந்தக் கரையில்தான் கொட்டுகின்றன.

இப்போது பின்னோக்கிக் கணக்குப் போட்டால் எல்லாம் உட்காருகிறது. மே மாதம் நான் நல்ல தண்ணீர் கலந்த பிறகு தொட்டி 33.5இல் ஓடிக்கொண்டிருந்தது, எல்லோரும் நலமாக இருந்தார்கள். டிசம்பர் 10க்குப் பிறகு 32.1, 17க்குப் பிறகு 31.1. ஊருக்குப் போன ஐந்து நாளில் ஆவியாகி 32.8 வரை ஏறியிருக்கிறது, கருவியின் ஒன்றரையும் குளிரின் ஒன்றும் சேர்ந்து அதைத்தான் 35 என்று காட்டியது. நான் நல்ல தண்ணீர் ஊற்றிய அரை மணி நேரத்தில் மறுபடி 31.1. மீன் தன் உடம்புக்குள் உப்பைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும், அதனால் கோமாளிக்கு இது பெரிதாகத் தெரியவில்லை. இறாலும் நட்சத்திர மீன் வகைகளும் வெளியே உள்ள தண்ணீரின் ஏற்ற இறக்கத்தை மீன் போலத் தாங்குபவை இல்லை. இரண்டு வாரத்தில் இறங்கி, ஏறி, சட்டென்று இறங்கிய தண்ணீரில், ஓடு கழற்றும் நேரத்தில் மாட்டிக்கொண்டது அந்த இறால்.

ஐந்து நாளில் வாளியின் ஐந்தும் பிறகு ஊற்றிய பன்னிரண்டும் சேர்த்துப் பதினேழு லிட்டர் எப்படிப் போனது என்று பலர் கேட்டார்கள், கொடைக்கானல் பனியில் துணியே காயாதே என்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 26 டிகிரித் தண்ணீரின் ஆவியழுத்தம் சுமார் 34 மில்லிபார். அறை 13 டிகிரியில் இருந்தால், ஈரப்பதம் 90 சதம் ஆனாலும் அந்தக் காற்றில் இருக்கும் ஆவி 13.5 மில்லிபார்தான். இடைவெளி 20. இதே தொட்டி தூத்துக்குடியில் 28 டிகிரியில் இருந்தால் தண்ணீர் 38, வெளியே 30 டிகிரி, 75 சத ஈரக் காற்று 32, இடைவெளி வெறும் 6. ஆவியாதலை இழுப்பது இந்த இடைவெளிதான். ஆகவே மூடுபனிக்குள் இருக்கும் சூடான தொட்டி கடற்கரைத் தொட்டியைப் போல மூன்று மடங்கு தண்ணீரை இழக்கும். எங்கள் வீட்டில் காலையில் ஜன்னல் கண்ணாடியில் வழிந்தோடுவது பனி என்று நினைத்திருந்தோம், பாதிக்கு மேல் அது தொட்டியின் தண்ணீர். ஒரு நாளைக்கு மூன்றரை லிட்டர் ஆவியாக்க ஆகிற வெப்பம் கிட்டத்தட்ட 2.4 யூனிட் மின்சாரம், அதுவும் ஹீட்டர் வழியாக நம் பில்லில்தான் வருகிறது.

சரிசெய்யும்போது இந்த ஆவியாதலே எனக்கு உதவியது. உப்பை ஒரேயடியாக ஏற்றினால் இருக்கிற உயிரும் போகும், நாளைக்கு ஒரு பிபிடிக்கு மேல் ஏற்றக்கூடாது, நான் அரைதான் ஏற்றினேன். மிச்சமிருந்த 28 பிபிடி தண்ணீரில் லிட்டருக்கு எட்டு கிராம் வீதம் மரைன் சால்ட் மிக்ஸ் என்ற செயற்கைக் கடலுப்புக் கலவையைக் கரைத்து (கணக்குப்படி ஏழு போதும், மிக்ஸில் ஈரம் இருக்கும்), 35க்குக் கொண்டுவந்து, ஆவியான மூன்றரை லிட்டருக்குப் பதிலாக நல்ல தண்ணீர் ஊற்றாமல் இதையே ஊற்றினேன். ஒரு நாளைக்குத் தொட்டியில் சுமார் 120 கிராம் உப்பு சேரும், அரை பிபிடி ஏறும். ஏழு நாளில் 34.7. பக்கெட் பக்கெட்டாக மாற்ற வேண்டிய வேலையே இல்லை.

தூத்துக்குடி உப்பு கிலோ இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது சால்ட் மிக்ஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது முதலில் ஜிப்சமாகக் கால்சியம் பெரும்பகுதி படிந்துவிடும், பிறகுதான் உப்பு விளையும், மெக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு போய்விடும். பாத்தியில் வாரிய கல்லுப்பாக இருந்தாலும் அது கடலின் ஒரு பகுதி மட்டும்தான். கருவியைச் சோதிக்க உலர்ந்த தூள் உப்பு போதும், தொட்டியில் எந்தச் சமையல் உப்பும் போட வேண்டாம்.

இப்போது தொட்டியின் மேல் முக்கால் பகுதிக்குச் சாய்வாகக் கண்ணாடி வைத்திருக்கிறேன், ஆவி பட்டு உள்ளேயே சொட்டுகிறது. கால் பகுதி திறந்திருக்கிறது, ஸ்கிம்மர் காற்றை உள்ளே இழுப்பதால் ஆக்சிஜனுக்குக் குறைவில்லை. இழப்பு நாளைக்கு இரண்டு லிட்டர் ஆகிவிட்டது. மிதவை வால்வு வாளிக்குப் பதில் 25 லிட்டர் டிரம். அளப்பது மதியம், தொட்டி இருக்கும் அறையிலேயே, தண்ணீர் கோட்டில் நிற்கும்போது மட்டும், துளியைக் கண்ணாடியில் விட்டு ஒரு நிமிடம் பொறுத்து. மாதம் ஒருமுறை உப்புக் கரைசலில் கருவியைச் சரிபார்க்கிறேன், கரைசல் பாட்டிலின் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், அதுவும் ஆவியாகும்.

நத்தைகள் ஜனவரி 10 வாக்கில் கண்ணாடியில் ஏற ஆரம்பித்தன. பிரிட்டில் ஸ்டாருக்குக் கை முளைத்துக்கொண்டிருக்கிறது, இப்போது அரை அங்குலம். ஜோடியில் மிஞ்சிய இன்னொரு இறால் இருபது நாள் பாறைக்குப் பின்னாலேயே இருந்தது, ஜனவரி 19 காலை மணலில் கண்ணாடித் தாள் மாதிரி முழு ஓடு கிடந்ததைப் பார்த்தபோது, இரண்டாவதும் போய்விட்டதோ என்று ஒரு கணம் நெஞ்சு அடைத்தது. ஓடு காலி. இறால் பாறைக்கு மேலே மீசையை ஆட்டிக்கொண்டு நின்றிருந்தது. அன்றைக்குக் கையை விட்டபோது வரவில்லை, நாலு நாள் கழித்து வந்தது.

மாமா இப்போது முதலில் ஒரு லிட்டர் பாட்டில் மட்டும் அனுப்புகிறார், மேலே தேதியும் வடகடலா தென்கடலா என்பதும் எழுதி. மாசிக் கடைசியில் தென்கடலிலிருந்து வந்தது 34. கேன்களைக் கழுவி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் போகிறேன்.